இன்டர்வியூவுல கெமிஸ்ட்ரியே இல்ல

இன்னைக்கு பெங்களூர்ல ஒரு தனியார் யுனிவர்சிட்டியில உதவிப் பேராசிரியர் இன்டர்வியூ. லிங்கராஜபுரத்துல இருந்து பஸ் மாறிப் போனேன்.

என் பி.எச்டி. ஆய்வேட்டை ஹெச்.ஆர். தொடவே இல்ல. தமிழ்லயே கேட்டார்.

“உங்க ஊர்ப் பக்கம் இருந்து எத்தனை அட்மிஷன் கொண்டு வருவீங்க மேடம்?”

“நான் கெமிஸ்ட்ரி நடத்த வந்திருக்கேன் சார்.”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடி, அனுசரிச்சுப் போங்க மேடம். பசங்க சேர்ந்தாத்தானே நடத்த முடியும்?”

வெளியே, லைப்ரரி அசிஸ்டென்ட் வேலைக்கு வந்த ஒருத்தர் முகம் செத்துப் போய் நின்னார். அவர்கிட்டயும் இதே கேள்வியாம்.

திரும்ப உள்ளே போய், “இதுக்கு எதுக்கு சார் பி.எச்டி. கேட்டீங்க?”ன்னேன். அவர் போனைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

பிள்ளை பிடிக்கச் சொல்லாம, பாடம் நடத்த மட்டும் ஆள் எடுக்கிற காலேஜ் பெங்களூர்ல இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. நாளைக்கே வர்றேன்.