அண்ணன் வாங்காத சின்ன லாரி

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் என்னைவிடப் பெரிய மடையன் யாரும் இல்லை. உதிரிபாகக் கடையில் பில் எழுதிக்கொண்டே, லாரிகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்பியவன் நான். நட்டு எது, போல்ட்டு எது என்று பிடிபடவே ஆறு மாதம் ஆனது. அபிப்பிராயம் சொல்ல மட்டும் ஒரு நாளும் தாமதித்ததில்லை. அப்படிச் சொன்ன ஒன்றுதான் அண்ணனை இந்த மலரின் அட்டையில் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

அண்ணன் பிறந்தது பாலக்காட்டுச் சித்தூரில். மூட்டை எடை போடும் வேலைக்காக அப்பா மட்டாஞ்சேரி மிளகு பஜாருக்கு வந்தபோது அண்ணனுக்கு ஏழு வயது. நான் இங்கேயே பிறந்தவன். அப்பா காலமானதும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் ஏறினார். கிளீனராகி, டிரைவராகி, எழுபதுகளின் தொடக்கத்தில் மூக்கு நீண்ட பழைய பெட்ரோல் லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரரானார். தங்கைகள் இருவருக்கும் எனக்கும் அந்த மூக்கின் உழைப்பில்தான் கல்யாணம் நடந்தது.

பெட்ரோல் விலை ஏறியபோது பஜாரில் எல்லோரும் எப்படியும் இறங்கிவிடும் என்று காத்திருந்தார்கள். அண்ணன் காத்திருக்கவில்லை. தோப்பும்படிப் பட்டறையில் வண்டியை விட்டு டீசல் எஞ்சின் பொருத்தினார். "நல்ல வண்டியைக் கொன்னுட்டாரு" என்றவர்கள் ஒரு வருடத்துக்குள் அதே பட்டறை வாசலில் வரிசையில் நின்றார்கள். சந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்பது அண்ணனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எண்பதுகளில் அது மறுபடி திரும்பியது. பிராட்வே கடைக்காரர்கள் பெரிய காரைத் தள்ளிவிட்டுச் சின்னக் காருக்குப் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். பிறகு ஜப்பான் கம்பெனிகளின் கூட்டில் சின்ன லாரிகள் வந்தன. எங்கள் பஜார் சந்துகளுக்குள் பெரிய லாரி நுழையாது. அது முக்கில் நிற்கும். கிடங்கிலிருந்து மிளகும் சுக்கும் கைவண்டியில் வந்து ஏறும். சின்ன லாரியோ கிடங்கு வாசலுக்கே போய்விடும்.

அண்ணன் அதற்கான விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு சாயாக்கடைக்கு வந்தார்.

"கார்லே நடந்ததுதான் தம்பி, லாரிலேயும் நடக்கப்போகுது. நீ என்ன சொல்றே?"

என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கக் கூடாது. அதுவும் பத்து டிரைவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

"இது லாரியாண்ணே? லாரி போட்ட குட்டி! பால்குடி மறக்கட்டும், அப்புறம் வாங்கலாம்."

கடையே சிரித்தது. அண்ணனிடம் பல வருடம் வண்டி ஓட்டிய வறீது சேட்டனுக்குச் சாயா புரையேறிவிட்டது. "முதலாளி, அதிலே லோடு ஏத்தறதா, தொட்டில் கட்டறதா?" என்றார். அண்ணனும் சிரித்தார். விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அதை வாங்கினா இவனுக என்னைக் குட்டி முதலாளின்னு கூப்பிடுவானுக" என்று அன்று வீட்டில் அண்ணியிடம் சொன்னாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த மாதம் அவர் வாங்கியது பெரிய லாரி. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். அது நசுங்கியபோது கைதட்டியதும் நான்தான்.

இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் கிடங்குக்காரர்கள் எல்லோரும் சின்ன லாரிக்கு மாறிவிட்டார்கள். அண்ணனின் வண்டி முக்கிலேயே நின்றது. விற்கலாம் என்றால் கேட்க ஆளில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவர் பம்பாய் லோடு எடுக்கத் தொடங்கினார். வறீது சேட்டனை வேலையிலிருந்து நிறுத்த மனம் வரவில்லை. இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கட்டாது என்று இரண்டாவது டிரைவராகத் தாமே ஏறிக்கொண்டார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் இளைத்திருப்பார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கூச்சமில்லாமல் அவருக்குப் புதுத் தமாஷ்கள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓசூர் தாண்டிய ஒரு மதிய வேளையில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்ட பிறகுதான் சாய்ந்தார் என்று வறீது சேட்டன் சொன்னார். ஆஸ்பத்திரி வரை உயிர் தங்கவில்லை.

அவரைக் கொண்டுவந்த நீளமான வேன் எங்கள் சந்துக்குள் திரும்பவில்லை. கிடங்குக்காரர் ஒருவர் தம் சின்ன லாரியை அனுப்பினார். அது எங்கும் உரசாமல் வீட்டு வாசல்வரை வந்து நின்றது. அன்று எனக்கு ஒரு தமாஷும் தோன்றவில்லை.

வழியில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, அண்ணனைத் தூக்கிச் சென்ற முகமறியாத லாரிக்காரர்களுக்கும், அரை நாள் வேலையை நிறுத்திவிட்டுத் தோள் கொடுத்த, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளுக்கும், வண்டி தந்த கிடங்குக்காரருக்கும் எங்கள் வீடு என்றும் கடமைப்பட்டது. கடைசிவரை அண்ணனின் கையை விடாத வறீது சேட்டனுக்கு நன்றி சொல்லப் போனேன். "ஞானும் அன்னைக்கு சிரிச்சேனல்லோ, மோனே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதை எழுதி முடித்து அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"அண்ணி, கீழே 'குடும்பத்தார்'னு பொதுவாப் போட்டுடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் தம்பி, உங்க பேரைப் போடுங்க."