நாலு கசெட்டில் ஒரு பாட்டு

போன மாதம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்த தமிழ் ரொக் குழுக்களைப் பற்றிப் போட்காஸ்ட் செய்கிறாராம்.

"அக்கா, உங்கட குடும்பத்து குழுவின்ர அந்தப் பாட்டு மூண்டு விதமா இருக்கு. ஒண்டிலை குரல் மேலை நிக்குது, ஒண்டிலை கிட்டார், ஒண்டிலை ட்ரம்ஸ். எது ஒரிஜினல் எண்டு எங்கட ஆக்களுக்குள்ளை பெரிய சண்டை. நாலாவதும் ஒண்டு இருக்கெண்டு கதைக்கினம். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். நாற்பதை நெருங்கும் வயதில் பச்சைப் பொய். ஒரே பாட்டை மூன்று விதமாகக் கலந்து வெளியிட்டது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான முடிவு என்று அந்தத் தம்பி பாராட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தத் துணிச்சலான முடிவை எடுத்தவளுக்கு அப்போது பத்து வயது. கழுத்தில் வீட்டுத் திறப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவள்.

அம்மாவுக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. ஊரில் இருந்த காலத்தில் அக்காவைக் கட்டிய பெரியப்பா ஒரு இசைக்குழுவின் பாடகர். மாமா அதற்கு நேர் எதிரிக் குழுவில் கிட்டார். ஒரே கோயில் திருவிழாவில் வடக்கு வீதியில் ஒரு மேடை, தெற்கு வீதியில் ஒரு மேடை. எந்த மேடை முன்னால் சனம் கடைசிவரை நிற்கிறதோ அந்தக் குழுவுக்கு வெற்றி. தங்கச்சியைக் கட்டிய சித்தப்பா கொழும்பில் ஹோட்டல்களில் ட்ரம்ஸ் அடித்தவர். அப்பா இன்னொரு குழுவில் பேஸ் கிட்டார். நான்கு குழுக்களின் நட்சத்திரங்களையும் ஒரு குழுவாக்கியது இசை என்று போட்காஸ்ட்காரர்கள் சொல்லக்கூடும். உண்மையில் ஆக்கியது கலியாணம். மூன்று சகலன்மாரும் ஒரு மச்சானும் அகதிகளாக ஒரே நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் எங்கள் மாடிக்கட்டடத்துக்குக் கீழே ஒரு குண்டுக்காப்பறை இருந்தது. போர் வந்தால் ஒதுங்குவதற்காகக் கட்டிய அறை, ஒரு முழம் தடிப்பில் இரும்புக் கதவு. ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வேஜியர் சத்தம் பொறுக்கமாட்டார்கள் என்பதால் குழு அங்கேதான் பயிற்சி எடுத்தது. அம்மா அதை பங்கர் என்பார். ஆண்கள் நால்வரும் ஸ்டூடியோ என்பார்கள்.

அந்த ஞாயிறுகளை எண்ணிக்கொண்டுதான் நான் மற்ற ஆறு நாட்களையும் கழித்தேன். அம்மா முதியோர் இல்லத்தில் மாலை வேலை. அப்பா நகரத்து அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்குத் தொடங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தால் குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, சத்தத்துக்காகத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு இருப்பேன். ஞாயிறு வந்தால் மூன்று குடும்பமும் எங்கள் வீட்டில். மேலே பெரியம்மாவின் இறைச்சிக்கறி, பெரியம்மாவின் மகள் அக்கா என் தலையைப் பின்னிவிடுவாள், கீழே பேஸ் கிட்டார் அதிரும்போது எங்கள் குசினித் தட்டுகள் கிணுகிணுக்கும். எனக்கு அது சொர்க்கம்.

பாட்டு அப்பா எழுதியது. வேலை முடிந்து சுரங்க ரயிலில் வருகிற ஒருவன் நித்திரையாகி, தன் தரிப்பைத் தவறவிட்டு, கடைசித் தரிப்பில் விழிக்கிறான். திரும்பி வரும்போதும் நித்திரையாகி மறு அந்தத்துக்குப் போய்விடுகிறான். வீட்டுக்கு வந்து சேர்கிற மாதிரியே இல்லை. பெரியப்பா அதைக் கொட்டாவி விட்டு, குறட்டை விட்டுப் பாடுவார். சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். ஒஸ்லோவில் அந்தப் பாட்டு இல்லாத தமிழ் விழா இல்லை என்றாகிவிட்டது. பெரியப்பா அதைத் தன் பாட்டு என்பார். மாமா, நடுவில் வரும் கிட்டார் இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை என்பார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை.

எங்கேயோ பழம்பொருள் சந்தையில் ஒரு ஒலிப்பதிவு இயந்திரம் கிடைத்தபோதுதான் வினை தொடங்கியது. ஒரே கசெட்டில் நால்வரையும் நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதியலாம். பிறகு நான்கு குமிழ்களை ஏற்றி இறக்கி, யார் எவ்வளவு கேட்கவேண்டும் என்று பார்த்து, சாதாரணக் கசெட்டில் எடுக்கலாம். பதிவு நன்றாக முடிந்தது. குமிழ்களில் கை வைத்தபோது அடிபாடு. பெரியப்பா தன் குமிழை ஏற்ற, மாமா தன்னுடையதை ஏற்ற, சித்தப்பா இருவரையும் சமாதானப்படுத்திக்கொண்டே தன்னுடையதையும் ஏற்றினார்.

"அத்தான், உங்கட தொண்டையைக் கேக்கவோ சனம் வாறது?" என்றார் மாமா.

பெரியப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். பெரியம்மா கறிச்சட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் பங்கருக்குப் போய், அந்த இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு, ட்ரம்ஸ் கதிரையில் இருந்து அழுதேன். பிள்ளைகள் அழுவதற்கு அதைவிடத் தோதான இடம் இந்த நாட்டில் கிடையாது.

மூன்றாவது கிழமை சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். நால்வரில் ஒருவரும் குமிழைத் தொடக்கூடாது. பிள்ளை செய்யட்டும். இயந்திரத்தோடு வந்த நோர்வேஜிய மொழிக் கைநூலை வாசித்து அவர்களுக்கு விளங்கப்படுத்தியவளே நான்தான். நான் ஒருவர் பக்கமும் இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இயந்திரம் என் அறைக்கு வந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், தொலைபேசி அடிக்கிறது. பெரியப்பா. சாப்பிட்டாயா, படித்தாயா என்று ஒருநாளும் கேட்காதவர் எல்லாம் கேட்டுவிட்டு, "பிள்ளை, குரலைக் கொஞ்சம் ஏத்தி விடு. ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். செவ்வாய்க்கிழமை மாமா சொக்லேட்டுடன் நேரிலேயே வந்தார். என் கணக்குப் பாடத்தைக்கூடப் பார்த்தார். போகும்போது கிட்டாரை ஏற்றச் சொன்னார். புதன்கிழமை சித்தப்பா வந்து, தனக்கு அப்படி ஒரு ஆசையும் இல்லை என்று அரை மணித்தியாலம் விளக்கிவிட்டு, நடுவில் வருகிற அந்த ஒரு உருட்டு மட்டும் நன்றாகக் கேட்டால் போதும் என்றார். பிறகு, "உருட்டு மட்டும் எண்டில்லை" என்றார்.

அந்தக் கிழமை மாதிரி ஒரு கிழமை என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், என்னைத் தேடி வந்தார்கள். வியாழனும் வெள்ளியும் இருந்து யோசித்தேன். ஒருவரை ஏற்றினால் மற்ற இருவரும் கோபித்துக்கொண்டு வராமல் விடுவார்கள். ஒருவரையும் ஏற்றாவிட்டால் மூவரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை, நான்கு வெறும் கசெட் எடுத்து, நான்கு தடவை பதிந்தேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவரை உச்சத்தில் வைத்தேன். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் நியாயம் நியாயம்தானே, அவருக்கும் ஒன்று செய்தேன். மேலே ஒட்டிய தாளில் பெரியப்பா, மாமா, சித்தப்பா, அப்பா என்று தமிழ்ப் பாடசாலையில் பழகிய எழுத்தில் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் அவரவருடையதைக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு எல்லாரும் வந்தார்கள். பெரியம்மாவின் சட்டியும் வந்தது. "இப்பத்தான் பாட்டு பாட்டா இருக்கு" என்று பெரியப்பா மாமாவின் தோளில் தட்டினார். மாமா ஓம் ஓம் என்று தலையாட்டினார். கையில் இருக்கிற பாட்டை இன்னொருவரிடம் இரவல் வாங்கிக் கேட்க ஒருவருக்கும் தேவை வரவில்லை. தங்கள் தங்கள் கசெட்டைப் பிரதி எடுத்து, தங்கள் தங்கள் கூட்டாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டார்கள். ஆறு ஞாயிறு இப்படிப் போனது. கவனமாக எண்ணி வைத்திருக்கிறேன், ஆறு.

ஏழாவது கிழமை, பெரியப்பாவின் மகளுக்கு, அதாவது என் தலையைப் பின்னிவிடும் அக்காவுக்கு, ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. அவள் உள்ளே வரும்போது குழுவின் பாட்டைப் போடவேண்டும் என்று பெரியப்பா நின்றார். வேறு நல்ல பாட்டு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று அம்மா கேட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. தாய்மாமன் கைபிடித்துத்தான் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். எனவே மாமா அன்று பட்டு வேட்டியும் சால்வையுமாக மிகவும் முக்கியமான ஆள். காலையிலேயே ஒலிபெருக்கிக்காரரிடம் கசெட்டைக் கொடுத்ததும் அவர்தான். தன்னுடைய கசெட்.

அக்கா வாசலில் வந்து நின்றாள். பாட்டு தொடங்கியது. மண்டபம் முழுக்கக் கிட்டார். பெரியப்பாவின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்டது. அவர் மணவறைப் பக்கத்தில் இருந்து விறுவிறுவென்று போய், கோட்டுப் பைக்குள் இருந்து தன் கசெட்டை எடுத்து மாற்றிப் போட்டார். இப்போது மண்டபம் முழுக்கக் குரல். பாதி வழியில், அக்காவின் கையைப் பிடித்தபடியே மாமா நின்றுவிட்டார். சித்தப்பா இரண்டையும் கேட்டுவிட்டு, காருக்குப் போய் மூன்றாவதைக் கொண்டுவந்தார். வந்திருந்த சனம் முதலில் இது ஏதோ புதுமாதிரி நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது.

"இது உன்ர வேலைதானே?" என்று மாமாவைக் கேட்டார் பெரியப்பா. மாமா, "பிள்ளையைப் பிடிச்சு வளைச்சது நீங்கள்" என்றார். சித்தப்பா இரண்டு பேரையும் ஏசினார். நான் பலகாரத் தட்டத்துக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்து சொல்லத்தான் போனேன். அதற்குள் அப்பா எழுந்து முன்னால் வந்தார்.

"பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. மெஷின் என்ர வீட்டிலைதானே இருந்தது. நான்தான் செய்தனான்."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. வாய் திறக்காத மனிதன் உள்ளுக்குள் கள்ளனாகத்தான் இருப்பான் என்று ஏற்கெனவே முடிவு கட்டி வைத்தவர்கள் போல மூவரும் உடனே நம்பினார்கள். "அதுதானே பார்த்தன், பிள்ளை இப்பிடிச் செய்யாது" என்றார் பெரியப்பா. தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது என்பதால் மாமாவால் போகவும் முடியவில்லை. அக்காவைக் கூட்டிவந்து, எல்லாச் சடங்கையும் ஒழுங்காகச் செய்தார். வீடியோவில் இப்போதும் பார்க்கலாம், பூப்போடும் ஒவ்வொரு தடவையும் முகம் கடுகடுவென்று இருக்கும். கடைசிப் பூவோடு சாப்பிடாமல் வெளியேறினார். குழு அன்றோடு முடிந்தது. ஞாயிறுகளும் அன்றோடு முடிந்தன.

அம்மா தன் அக்காவைத் தேற்ற மண்டபத்தில் நின்றுவிட்டார். அப்பாவும் நானும் சுரங்க ரயிலில் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். இப்போது ஏச்சு விழும், இப்போது விழும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல தரிப்புகளுக்குப் பிறகு, "நான் உன்னட்டை ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை. பிறகேன் என்ரயையும் ஏத்தினனீ?" என்றார்.

"எல்லாருக்கும் ஏத்தினனான் அப்பா."

சட்டைப் பைக்குள் இருந்து தன் கசெட்டை எடுத்து என் கையில் வைத்து, "இதை நீயே வைச்சிரு" என்றார். அந்தத் தம்பி தேடுகிற நாலாவது அதுதான். என் மேசை லாச்சியில் இருக்கிறது. அதில் பேஸ் மட்டும்தான் கேட்கும், பெரியப்பாவின் கொட்டாவியும் குறட்டையும் கேட்காது, எனவே சிரிப்பு வராது. முதல் கிழமையே அப்பா அதைப் போட்டுக் கேட்டிருக்கிறார், கேட்ட உடனேயே நான் செய்தது அவருக்கு விளங்கியிருக்கிறது என்று கணக்குப் பார்க்க எனக்குப் பல வருடம் எடுத்தது. எல்லாம் தெரிந்துகொண்டே அந்த ஆறு ஞாயிறும் பேசாமல் இருந்திருக்கிறார்.

ரயில் புருசெத்துக்கு வந்தது. கதவு திறந்தது. அப்பா எழும்பவில்லை. கதவு மூடியது. அடுத்தது எல்லிங்ஸ்ருடோசன், கடைசித் தரிப்பு. எல்லாரும் இறங்கியபோது நாங்களும் இறங்கி, ரயில் மேடையில் ஒரு மர வாங்கில் இருந்தோம். திரும்பிப் போகிற ரயில் வந்தது. அப்பா அதையும் விட்டுவிட்டார்.

"அப்பா, நித்திரை கொண்டிட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, கொஞ்சம் கண் அயர்ந்திட்டுது" என்றார்.

ஏச்சு விழுமென்ற பயத்தில் வழி முழுக்க நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு தடவைகூட அவர் கண் மூடவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே நித்திரை கொள்ளப் பெரியவர்களுக்குத் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ரயில் வரும்வரை அவர் கையைப் பிடித்தபடி இருந்தேன்.