பெற்றோல் டாங்கியில் தண்ணீர்

மலையகத்து அட்டனில் என் பழைய ஸ்கூட்டரை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பித்த ஆடி மாதம், காலைதோறும் என்ஜின் திக்கி நின்றது. பெற்றோலில் தண்ணீர் கலந்திருந்தது. வண்டிப் புகைக்காக ஓயாமல் சண்டை பிடிக்கும் பக்கத்து வீட்டு சலீமைத்தான் சந்தேகித்தேன்.

அவர் கடைக்கே போய், ஆட்கள் முன்னால் கேட்டேன்: “டாங்கியில தண்ணி ஊத்த வெக்கமா இல்லையா?”

“மூஞ்சிக்கு நேராத்தானே ஒங்கள ஏசுறேன். ஒளிஞ்சு செய்ய நான் என்ன களவாணியா?”

அன்றே வண்டியை அறைக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால், பாதி காலியான டாங்கியின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள். குளிரில் அது தானாகவே வேர்த்திருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். சலீம் நிமிரவில்லை. “அன்னைக்கு நின்ன ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க.”

அவர்கள் மஸ்கெலியா பஸ்ஸுக்காகக் காத்து, மழைக்குக் கடையில் ஒதுங்கியவர்கள். யாரென்றே எனக்குத் தெரியாது.

இப்போது டாங்கியை நிரப்பியே வைக்கிறேன். ஒரே உதையில் வண்டி கிளம்புகிறது. சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு ஜன்னல் மூடுகிறது.