படத்தில் இல்லாத கை

சிவரஞ்சனியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவள் குரல்தான் காதில் விழுகிறது. மீமிசல் கடற்கரையில் மீன் ஏலம் எடுக்கும் வீட்டில் பிறந்த குரல், அதற்கு மைக் வேண்டாம். அவள் அப்பா கரைக்கு வரும் மீனை ஏலத்தில் பிடித்து வெளியூருக்கு அனுப்புகிறவர். மகள் வரலாறு படிக்கக் குளத்தூர்ப் பக்கம் எங்கள் கல்லூரிக்கு வந்து விடுதியில் தங்கினாள். முதல் வருடமே 'உச்சிவெயில்' என்கிற எங்கள் மாணவர் பத்திரிகைக்குள் நுழைந்தாள், மூன்றாம் வருடம் அதன் ஆசிரியராகிவிட்டாள். நான் வனிதா, அந்தப் பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைக்கிறவள். அவள் போட்ட சத்தத்தையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்டவள் என்ற முறையில் இதை எழுத எனக்குத் தகுதி உண்டு.

உச்சிவெயில் மாதம் ஒரு முறை வரும், நான்கு பக்கம். அவள் வருவதற்கு முன்னால் அதில் முதல்வர் பொன்னாடை போடுவதும் முதல்வருக்குப் பொன்னாடை போடுவதும்தான் மாறி மாறி வரும். கேண்டீனில் வடையின் எண்ணெயை ஒற்ற அதைவிட நல்ல தாள் கிடையாது. சிவரஞ்சனி வந்த பிறகுதான் பையன்கள் வடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையில் அதைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு புதன்கிழமையும் கூட்டம் நடக்கும். கரும்பலகையில் ஆறு சொற்களை எழுதிவிட்டுத்தான் பேசுவாள்: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இந்த ஆறுக்கும் பதில் இல்லாமல் யாரும் செய்தி என்று எதையும் கொண்டுவரக் கூடாது. செய்தியின் முதல் பத்திக்கு லீட் என்று பெயர். முக்கியமானதெல்லாம் அதில் வந்துவிட வேண்டும், கீழே போகப் போக முக்கியம் குறைய வேண்டும், இடம் போதாவிட்டால் வாலிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். இதை அருள்மணிக்குப் புரியவைக்கவே ஒரு செமஸ்டர் போய்விட்டது. விடுதித் தண்ணீர்த் தொட்டி உடைந்த செய்தியை அவன் "கீழ்வானம் சிவந்தது, புள்ளினங்கள் பாடின" என்று ஆரம்பித்திருந்தான். தொட்டி ஆறாவது பத்தியில்தான் உடைந்தது. "டேய், அதுக்குள்ள எல்லாரும் நனைஞ்சு, காஞ்சு, ஊருக்கே போயிருப்பாங்கடா" என்றாள் சிவரஞ்சனி.

எழுதியவர் பெயரைச் செய்திக்கு மேலே போடுவதற்குப் பைலைன் என்று பெயர். அதற்காகச் சண்டை போட்டவர்களிடம் அவள் சொன்னாள்: "பேரு போடுறது பெருமைக்கு இல்லப்பா. தப்புன்னா யாரைத் தேடி வந்து அடிக்கணும்னு தெரியணும்ல, அதுக்கு." கேள்விப்பட்டதை இரண்டு பேராவது உறுதி செய்ய வேண்டும். யாரைக் குறை சொல்லி எழுதுகிறோமோ அவரிடம் பேசியே ஆக வேண்டும். தவறு வந்துவிட்டால், எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில் அதே அளவில் திருத்தம் போட வேண்டும். இத்தனையையும் அவள் அப்பாவின் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவாள்: "செவுளத் தூக்கிப் பாக்காம மீன் வாங்காத." எங்கள் அலுவலகத்தில் அது பழமொழியாகவே ஆகிவிட்டது. அலுவலகம் என்றால் நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைக்கும் அறை.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் ஆனை போன பங்குனியில் சறுக்கியது.

அன்று காலை நார்த்தாமலைப் பக்கமிருந்து மாணவர்களை ஏற்றிவரும் கல்லூரிப் பேருந்து, வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரப் புளியமரத்தில் மோதியது. யாருக்கும் அடியில்லை, முன்கண்ணாடி மட்டும் போயிற்று. சிவரஞ்சனி விடுதியிலிருந்து ஓடினாள். அவள் போனபோது ஓட்டுநர் அய்யாக்கண்ணு ஒரு கையைப் பேருந்தின் மீது ஊன்றிக்கொண்டு நின்றார். ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே போனில் படம் எடுத்தாள். பேருந்தில் வந்த இலக்கியா, "அவரு குடிச்சிருந்தாருக்கா, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு" என்றாள். ரஞ்சிதா என்ற இன்னொரு பெண்ணும் அதையே சொன்னாள். ஆக இரண்டு பேர். அதற்குள் வகுப்பு மணி அடித்துவிட்டது.

அன்று மதியம் பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும். முதல் பக்கத்தில் மரக்கன்று நடவு விழாச் செய்தியைத் தூக்கிவிட்டு இதைப் போட்டோம். அய்யாக்கண்ணுவுக்கு ஒரு முறை போன் அடித்தாள், எடுக்கவில்லை. "தொடர்புகொள்ள முயன்றபோது அவர் பதிலளிக்கவில்லை" என்று எழுதினாள். பத்திரிகைக்காரர்கள் இழுத்துப் போர்த்திக்கொள்ள இதைவிட வசதியான போர்வை உலகத்தில் இல்லை. அவர் அந்த நேரம் கல்லூரி அலுவலகத்தில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். படம் பெரிதாக இருந்தது, இடமோ கால் பக்க அகலம்தான். என் கையிலிருந்த மவுஸை வாங்கி, முகம் மட்டும் நிற்கும்படி அவளே வெட்டினாள். சிவந்த கண் நன்றாகத் தெரிந்தது. "குடிபோதையில் ஓட்டுநர்: மரத்தில் மோதிய கல்லூரிப் பேருந்து" என்பது தலைப்பு. மேலே சிவரஞ்சனி என்று பைலைன்.

பத்திரிகை வந்த அன்றே அய்யாக்கண்ணுவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தொட்டி உடைந்ததற்கெல்லாம் அசையாத நிர்வாகம் எங்கள் செய்திக்கு அசைந்ததில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அருள்மணி எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் ஒரு பெண் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த உச்சிவெயில்.

"இங்க சிவரஞ்சனிங்கிறது யாரும்மா?"

"நான்தாங்க. உள்ள வாங்க."

"நான் சொர்ணவல்லி. டிரைவர் அய்யாக்கண்ணு வீட்டுக்காரி." அவர் உட்காரவில்லை. பத்திரிகையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். "படத்துல அவுக கை எங்கம்மா?"

எங்களுக்குப் புரியவில்லை.

"கையில காப்பு கட்டியிருக்காகம்மா. எங்க ஊரு அம்மனுக்குக் காப்புக் கட்டி ஒரு வாரமாச்சு. போன வருசம் எம்மக மூளைக் காய்ச்சல்ல கெடந்தப்ப, பொழச்சா அக்கினிச்சட்டி எடுக்குறேன்னு நேந்துக்கிட்டாக. ஒரு வேளை சோறுதான், பச்சத்தண்ணி பல்லுல படாம அன்னைக்கு வண்டி எடுத்தாக. காப்போட குடிச்சான்னு நீங்க பேப்பர்ல போட்டுட்டீங்க. ஊருல கூட்டம் போட்டு, காப்ப அவுத்துரு, சட்டி எடுக்கக் கூடாதுங்கிறாக. ஞாயித்துக்கெழம திருவிழா. வேலை போனாக்கூட வேற வேலை பாக்கலாம்மா. அம்மனுக்குப் பொய்யாப் போனவன்னு பேரெடுத்தா அந்த ஊருல நாங்க எப்புடி இருக்குறது? எம்மகளுக்கு ஒண்ணுன்னா யாரக் கேக்குறது?"

சிவரஞ்சனி கணினியைத் திறந்து வெட்டாத படத்தை எடுத்தாள். பேருந்தின் மீது ஊன்றிய கையில், மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்புக் கயிறு பளிச்சென்று இருந்தது. மீமிசலிலும் அம்மன் கோயில் உண்டு, காப்பும் உண்டு. அவள் அப்பாவே கட்டுகிறவர். பார்த்த உடனே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அவள் முகம் அப்படியே சுண்டிப்போனது.

"காப்புக் கட்டியிருந்தா குடிக்கலேன்னு ஆயிருமாடி?" என்று, சொர்ணவல்லி போன பிறகு, மெதுவாகக் கேட்டேன்.

"ஆகாது" என்றாள். "ஆனா நான் கேட்டிருக்கணும். கேக்கவே இல்ல. வா போவோம்."

முதலில் இலக்கியாவிடம் போனோம். அவள் அய்யாக்கண்ணுவை அருகில் பார்க்கவே இல்லை, அரவிந்த்குமார் சொன்னானாம். ரஞ்சிதாவுக்கும் அரவிந்த்குமார்தான் சொன்னான். இரண்டு பேர் என்று எண்ணியது ஒரே ஆளின் வாயை. அந்த அரவிந்த்குமாரோ கடைசி சீட்டில் இருந்தவன். "குடிச்ச மாதிரி இருந்தாருன்னுதான்க்கா சொன்னேன். தள்ளாடுனாருல்ல?" என்றான். அவன் வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போவதற்குள் அந்த 'மாதிரி' எங்கோ உதிர்ந்துவிட்டது.

புளியமரத்துக்கு எதிரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் திருப்பதிதான் அய்யாக்கண்ணுவைக் கைத்தாங்கலாக இறக்கியவர். "மொகத்துக்கு நேரா நின்னேன், ஒரு வாடையும் இல்ல. டீ குடுத்தேன், வெரதம், வேணாம்னுட்டாரு. ஆடு குறுக்க வந்துச்சு, வண்டிய ஒடிச்சாரு, அம்புட்டுதான்" என்றார். உங்கள் பெயரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டாள். தாராளமாகப் போடுங்கள் என்று போன் நம்பரையும் கொடுத்தார். அன்றுதான் முதல்முறையாக அய்யாக்கண்ணுவிடமும் போனில் பேசினாள். முந்தின இரவு கோயிலில் கண் விழித்ததையும், அதற்காக விடுப்புக் கேட்டுக் கிடைக்காததையும் அவர் மறைக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், கூட ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த இதழுக்கு மூன்று வாரம் இருந்தது. பத்திரிகைக்குப் பொறுப்பான பேராசிரியர் பெலிக்ஸ் சார் நல்லவர், ஆனால் முதல்வர் அறைக் கதவைக் கண்டாலே வியர்ப்பவர். "அடுத்த மாசம் நாலாம் பக்கத்துல, வருந்துகிறோம்னு ரெண்டு வரி போட்டுரலாம்மா. பெரிய பத்திரிகையெல்லாம் அப்படித்தான செய்றாங்க?" என்றார்.

"அடுத்த மாசம் திருவிழா இருக்காது சார்."

"விடுப்பு குடுக்கலைங்கிற வரி வேற இருக்கு. முதல்வர் என்ன சொல்வாரோ."

"குடிச்சாருன்னு நான் எழுதினப்ப செவுளத் தூக்கிப் பாத்தியான்னு நீங்க கேக்கல சார். நானும் பாக்கல. இப்ப பாத்துட்டேன். இதப் போடலேன்னா ஆசிரியர்னு என் பேரைப் போடாதீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. "ஒத்தத் தாள் சிறப்புப் பதிப்பு" என்றார் கடைசியில். "அச்சகத்துல நான் சொல்றேன்."

அந்த ஒற்றைத் தாளில் வேறு செய்தி இல்லை. "அய்யாக்கண்ணு குடிக்கவில்லை, நாங்கள்தான் விசாரிக்கவில்லை" என்பது தலைப்பு. திருத்தத்துக்குப் பைலைன் போடும் வழக்கம் எங்கும் கிடையாது, அவள் போட்டாள். விடுப்பு வரியும் இருந்தது. படத்தை முழுசாக வைக்கச் சொன்னாள். கட்டுரை போக மிச்ச இடம் போதவில்லை என்றேன். "என் எழுத்த வெட்டு. கைய வெட்டாத" என்றாள்.

சனிக்கிழமை அச்சான தாள் கட்டோடு பஸ் ஏறி அய்யாக்கண்ணுவின் ஊருக்குப் போனோம். மலையடியில் சின்ன ஊர், கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் சோலையப்பன் தாளை வாங்கி நிதானமாக, கடைசி வரி வரை படித்தார்.

"குடிச்சான்னு எழுதுனதும் நீ. குடிக்கலேன்னு எழுதுறதும் நீ. நாங்க எத ஆத்தா நம்புறது?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைய நம்ப வேணாங்க ஐயா" என்றாள். ஏலக் குரல் காணாமல் போயிருந்தது. "மொதல்ல எழுதினப்ப நான் யாரையும் சரியா கேக்கல. இப்ப கேட்டதெல்லாம் யார் யாருன்னு அதுல பேரோட இருக்கு. நீங்களே கேட்டுக்கங்க."

சோலையப்பன் அங்கேயே திருப்பதிக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். திருப்பதி ஆட்டிலிருந்து டீ வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அதற்குள் அய்யாக்கண்ணுவின் அம்மா ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு தாளை எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தையெல்லாம் தாண்டி விரல் நேராகப் படத்துக்குப் போய் அந்த மணிக்கட்டில் நின்றது. "இந்தா இருக்குல்ல" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் காட்டினார். "இந்தா இருக்குல்ல."

"சரி, சட்டிய எடுக்கட்டும்" என்றார் சோலையப்பன்.

அய்யாக்கண்ணு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். சிவரஞ்சனி அருகே போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார், தலையைக்கூட அசைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவளுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கினிச்சட்டி எடுத்தார். நாங்கள் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று மாலை பேருந்துகள் கிளம்பும் நேரத்தில் அவர் வண்டியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். "பாப்பா" என்று கூப்பிட்டார். ஏறிப் போனோம். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊருல சரியாப் போச்சு. எம்மச்சினன், சொர்ணவல்லி தம்பி, குவைத்துல இருக்கான். அவனுக்கு யாரோ மொத பேப்பரத்தான் வாட்ஸப்புல அனுப்பியிருக்காங்க. ரெண்டாவதை நான் அனுப்புனேன். காசு குடுத்து நீங்களா அடிச்சுக்கிட்டதுதானன்னு கேக்குறான். எங்கக்காவக் கூட்டிட்டுப் போயி ஆத்தா வீட்டுல விடுங்கங்கிறான்."

புதன்கிழமைக் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. அதே பக்கம், அதே அளவு, முழுப் படம், எல்லாம் செய்தாயிற்று. சிவரஞ்சனி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"நம்பர் சொல்லுங்கண்ணே."

அவர் சொன்னார். அவள் அடித்தாள். முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், அதற்கும் எடுக்கவில்லை. பின்னால் பிள்ளைகள் நேரமாச்சு என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். மறுபடியும் அடித்தாள்.

"அண்ணே, வணக்கம். நான் புதுக்கோட்டைல இருந்து பேசுறேன். என் பேரு சிவரஞ்சனி. ஒங்க மச்சான் குடிச்சாருன்னு பேப்பர்ல எழுதினது நான்தான்."

அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கும் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மற்ற வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போய்விட்டன. அய்யாக்கண்ணு சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.