நாலு வீட்டுக்காரன்

இன்று தேவாரம் போகும் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்த ஏலக்காய் வியாபாரி கேட்டார். "போடியில நாலு வீடு வச்சிருக்கீகளாமே அண்ணே, எப்பிடிக் கட்டுனீக?"

முதல் வீடு ஏலக்காய் விற்ற காசில் கட்டியது. அதை ஒத்திக்கு விட்டேன். வந்தவர் மொத்தமாகப் பணம் தந்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்தார். அந்தப் பணத்தில் இரண்டாவது வீடு. அதன் ஒத்தியில் மூன்றாவது. நாலாவதும் அப்படியே.

"நல்ல யோசனையா இருக்கே. நானும் இப்பத்தான் ஒரு வீடு கட்டியிருக்கேன்."

"நாலுலயும் சல்லிக்காசு வாடகை கிடையாது. ஓடு ஒடஞ்சா நான்தான் மாத்தணும். காலி பண்ணுனா வாங்குனதை முழுசாக் குடுக்கணும். மலையில என் ஏலச்செடி காஞ்சு கெடக்கு. நீங்க மாச வாடகைக்கே விடுங்க."

"அதுல எப்பண்ணே ரெண்டாவது வீடு கட்டுறது?"

நானும் ஒரு காலத்தில் இதைத்தான் கேட்டேன்.

இறங்கும்போது, "நாலுல நீங்க எதுல இருக்கீக?" என்றார்.

"வாடகை வீட்டுல."

என் நாலு கூரையிலும் டிவி ஆன்டெனா நிற்கிறது. எனக்கு ரேடியோதான்.

முதல் வீட்டில் ஒத்திக்கு இருப்பவர் அடுத்த மாதம் காலி செய்கிறார், பணத்தைக் கேட்கிறார். ஒத்திக்கு வீடு தேடுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.