மேற்கே பார்த்து நின்ற கார்

என் காருக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை எங்கே போனது, எப்போது டயர் மாறியது, எந்த மேட்டில் முனகியது என்று எல்லாம் அதில் இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுச் சுவரில் தமிழ்க் காலண்டரும் மலையாளக் காலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதால், ஆடி என்று எழுதினால் அருகில் கர்க்கடகம் என்றும் எழுதிவிடுவேன். என் மனைவிக்கு இந்த நோட்டின் மேல் மரியாதை கிடையாது. "வண்டி ஜாதகம்" என்பாள்.

அந்த ஜாதகத்தில் போன வருஷத்து ஆடிப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை யாருக்கும் காட்டுவதில்லை. மனைவியின் பிறந்த வீடு சாந்தன்பாறையில். ஏலத் தோட்டத்து மாரியம்மன் பொங்கலுக்குப் புறப்பட்டோம். போடியிலிருந்து மலை ஏறும்போது பாதியில் டாஷ்போர்டில் எஞ்சின் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்தது. சூட்டில் எண்ணெய் தண்ணீர் போல இளகிவிட்டால் எஞ்சின் தேய்ந்து நாசமாகும், அதனால் அப்படியே நிறுத்தினேன். மச்சினன் ஜீப்போடு இறங்கி வந்து கயிறு கட்டி இழுத்தான். குறுக்கு வழி இருந்தும் கோயில் வாசல் வழியாகத்தான் இழுத்தான். மேளக்காரர்கள் எங்களையும் ஊர்வலத்தில் சேர்த்தி என்று நினைத்து, கொஞ்ச தூரம் அடித்துக்கொண்டே கூட வந்தார்கள். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அத்தான், இத இங்கனயே விட்டுட்டுப் போங்க," என்றான் மச்சினன். "கதவு நாலும் நல்லாத்தான் இருக்கு. கோழி அடைக்கலாம்."

ஊர் திரும்பும்போது மனைவி தீர்ப்புச் சொன்னாள். "ஏங்க, இன்னொரு தடவ என் தம்பி கயிறு கட்டுனான்னா, கயித்தோட வண்டியையும் அவங்கிட்டயே குடுத்துட்டு நாம பஸ்ல வருவோம்."

சொன்னால் செய்கிறவள். அடுத்த ஆடிப் பொங்கல்வரை எனக்கு அவகாசம் இருந்தது.

படிக்காத கையேடு இல்லை. வழி ஒன்றுதான்: ஆயில் கூலர். ரேடியேட்டர் தண்ணீரை ஆற்றுவதுபோல எண்ணெயைக் குழாய்களில் ஓடவிட்டுக் காற்றில் ஆற்றுகிற சின்னச் சட்டம். என் மாடலுக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. எங்கள் ஊரில் டிராக்டர் வேலை செய்கிற மெக்கானிக்கிடம் ஒரு வேனிலிருந்து கழற்றியது கிடந்தது. அதை என் கார் மூக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் வெளியே நின்றது.

"ஏனுங்க, மாமனார் சட்டைய மாப்ளைக்குப் போட்டாப்பல இருக்குதுங்க," என்றார்.

"வளருற மாப்பிள்ளைன்னு வெச்சுக்குங்க."

"உங்க வண்டி இனிமேல் எங்கீங்க வளரப் போகுது? தேயத்தான் போகுது."

இருந்தாலும் கழுத்தைச் சாய்த்து இரண்டு தடவை அளந்தார். மூன்றாவது தடவை அளந்தபோதே அவருக்கு ஆசை வந்துவிட்டது என்று தெரிந்தது. கூலரைச் சாய்த்து மாட்டினால் இடம் வரும், ஆனால் ஹார்ன் இடிக்கும். ஹார்னைக் கழற்றிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளே தள்ளினார். அன்று முதல் என் கார் சளி பிடித்த ஆடு மாதிரிதான் கத்துகிறது. வேன் கூலர் குழாயின் திருகு மரை வேறு, என் காரின் மரை வேறு. பக்கத்துச் சித்தூர் லேத் பட்டறையில் சொல்லி இரண்டுக்கும் ஒத்துப்போகிற பித்தளை இணைப்பு கடைந்து வாங்கினோம். எண்ணெய்ச் சூடு காட்டும் மீட்டர் ஒன்றையும் டாஷ்போர்டில் ஒட்டினோம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் சோதனை ஓட்டம். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள். நான் ஓட்டினேன், மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைப் படித்தார். சித்தூர் போகும்போது முள் அசையவே இல்லை. "ஐஸ் பொட்டிங்க இது!" என்று தொடையில் தட்டினார். திரும்பி வரும்போது முள் கொஞ்சம் ஏறியது. அதற்குக் காரணம் எழுதாமல் விட்டால் நான் என்ன நோட்டு எழுதுகிறவன்? செவ்வாய்க்கு "தவிட்டு மூட்டை ஏற்றியதால்" என்று எழுதினேன். புதனுக்கு "மெக்கானிக்கின் மாமனார் ஏறிக்கொண்டதால்". வியாழக்கிழமை வண்டியில் மூட்டையும் இல்லை, மாமனாரும் இல்லை. "மெக்கானிக் மதியம் பிரியாணி சாப்பிட்டதால்" என்று எழுதினேன். அவரும் படித்துவிட்டு, "கொஞ்சம் சேத்தித்தானுங்க தின்னுட்டேன்," என்று ஒத்துக்கொண்டார்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை, பொங்கலன்று காலை நானும் மனைவியும் புறப்பட்டோம். உடுமலைவரை முள் வழக்கத்தைவிடச் சற்று மேலேதான் நின்றது. மனைவியின் சேலைப் பெட்டிதான் காரணம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

போடி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முள் விறுவிறுவென்று ஏறியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பினேன். காற்று முகத்தில் அறைந்தது, முள் இறங்கியது. அடுத்த வளைவில் திரும்பினேன். காற்று முதுகுக்குப் போனது, முள் ஏறியது. இப்படி நாலு வளைவு. அப்போதுதான் உறைத்தது. ஆடியில் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை. காயப்போட்ட துணிக்கு இரண்டு கிளிப் போடுவோம், அவ்வளவுதான். கணவாய் வழியாக மேற்கிலிருந்து அது அடித்துக்கொண்டே இருக்கும். மூன்று நாளும் மேற்கே சித்தூருக்குப் போயிருக்கிறேன், காற்றுக்கு எதிரே. கிழக்கே திரும்பியிருக்கிறேன், காற்றோடு கூடவே. எண்ணெயை ஆற்றியதில் பாதி வேலை பாலக்காட்டுக் காற்று செய்தது. இதை எழுதாமல் விட்டுவிட்டுப் பிரியாணியை எழுதியிருக்கிறேன்.

மேற்கே பார்த்த ஒரு திருப்பத்தில் ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை; அணைத்தால் எண்ணெய் ஓடாது, ஆறாது.

"எதுக்கு நிப்பாட்டுறீங்க?"

"காட்சியப் பாரு. எவ்வளவு அழகு!"

அவள் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த மலை. போதாக்குறைக்கு மூடுபனி மேலேயிருந்து வழிந்து, சாலையோரத் தடுப்புச் சுவரே பாதிதான் தெரிந்தது.

"வெள்ளையா இருக்கு," என்றாள்.

"அதுதான் அழகு."

"காட்சி பாக்க எஞ்சின் எதுக்கு ஓடணும்?"

"பாட்டரி சார்ஜ் ஆகட்டும்னுதான்."

முள் இறங்கியதும் நகர்ந்தேன். ஒன்றுவிட்டு ஒரு திருப்பத்தில் எனக்கு இயற்கையின் மேல் பிரியம் பொங்கியது. இரண்டாவது நிறுத்தத்தில் தேன்சிட்டு என்றேன். மூன்றாவதில் அருவிச் சத்தம் என்றேன். சத்தம் எங்கள் எஞ்சினுடையது. நாலாவதில் சொல்ல எதுவும் கிடைக்காமல் பெருமூச்சு மட்டும் விட்டேன். அவள் பொழுதுபோகாமல் டாஷ்போர்டு அறையிலிருந்து என் நோட்டை எடுத்துப் புரட்டி, நடுநடுவே மீட்டரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது நிறுத்தத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே, "நல்லாருக்கு, நல்லாருக்கு. பாத்துக்கிட்டே இருங்க," என்று பக்கத்தைத் திருப்பினாள்.

ஒருவழியாக ஏறி முடித்துச் சாந்தன்பாறை வந்து, வீட்டுத் திருப்பத்தில் ஹார்ன் அடித்தேன். மச்சினன் வெளியே வந்து முதலில் ஆட்டைத் தேடினான். வாசலில் ஜீப் தயாராக நின்றது. அதன் பானட்டின் மேல் கயிற்றை அழகாகச் சுற்றி வைத்திருந்தான். புதுக் கயிறு.

"வாங்க அத்தான். எத்தன எடத்துல நின்னுச்சு?"

நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டான். பதில் சொல்ல வேண்டியவள் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டி ஒரு எடத்துலயும் நிக்கலடா," என்றாள் மனைவி. "இவுகதான் நிப்பாட்டுனாக. காட்சி பாக்க."

"காட்சியா? மலை பூரா மூட்டமால்ல கெடக்கு!"

"அதத்தான் பாத்தோம். கயித்த உள்ள வையி. காபி போடச் சொல்லு."

அவன் கயிற்றையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

சாயங்காலம் பொங்கல் முடிந்து நோட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கம் எனக்கு முன்பே நிரம்பியிருந்தது, அவள் கையெழுத்தில்:

"நின்ற இடம்: ஐந்து. காரணம்: காட்சி. காட்சி: ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் எழுதியது மூன்றும் தப்பு. தவிடு, மாமனார், பிரியாணி எதுவும் இல்லை, காற்றுதான். ஊருக்குப் போனதும் கூலருக்கு ஒரு ஃபேன் போடவும். சேலைப் பெட்டி கனம் இல்லை."

பெட்டி விஷயத்தை நான் எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. மேலே மாதம் போட மறந்திருந்தாள். ஆடி என்று எழுதி, அருகில் கர்க்கடகம் என்று எழுதினேன். வேறெதையும் திருத்தவில்லை.