ஐந்தரை மணி இருட்டு

“அவ கதவைச் சாத்தல பவானி. தெறந்தே போட்டுட்டுப் போயிட்டா” என்கிறார் மெஹர்பானு, லேஸை அளந்துகொண்டே. சௌல்தாரி கிராமத்திலிருந்து சாமான் வாங்க வந்த தையற்காரி பவானி பதறிப்போய், “யாரு தீதி? எந்த வீட்ல?” என்கிறாள். அவ்வளவுதான், மெஹர்பானுவின் முகம் மலர்ந்துவிடுகிறது. வரி தேறிவிட்டது. பவானி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், “இந்த லேஸ் சாயம் போகுமா?” என்று கேட்டிருந்தால், வரி அங்கேயே செத்திருக்கும்.

எழுதுவதையெல்லாம் இப்படித்தான் வாடிக்கையாளர் தலையில் போட்டுப் பார்ப்பார். போர்ட் பிளேர் பஜாரில் பட்டன், ஹூக், ஜிப், லேஸ் விற்கும் கடை. கணவர் காதர் பின்கட்டில் துணி வெட்டுவார். மனைவி என்ன எழுதுகிறாள் என்று இதுவரை கேட்டதில்லை. மூன்று நாவல்களும் இந்தக் கல்லாவில்தான், கைபேசியில், ஒரே கட்டைவிரலால் எழுதப்பட்டன. எழுத்தாளருக்குத் தனிமை வேண்டாமா என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். “அரே சுகிர்தா, தனியா உக்காந்தா எனக்குத் தூக்கம்தான் வருது. எவளாவது வந்து அரை டஜன் ஹூக்கு கேட்டாத்தான் கதை நகருது” என்றார்.

இவர் சிரித்துப் பேசுவது கதையைப் பற்றி மட்டும்தான். பதிப்பு என்று ஆரம்பித்தீர்களோ, தொலைந்தீர்கள். முதல் நாவல் ஒரு தையற்காரியின் கதை. சென்னையிலிருந்து புத்தகம் வந்தது, அட்டையில் சிறைச்சாலை! “கதைக்குள்ள ஜெயிலே இல்லையேன்னு கேட்டா, அந்தமான்னா வாசகர் அதத்தான் மேடம் எதிர்பார்ப்பாங்கங்கறான். நான் என்ன கைதியா?” இரண்டாவது நாவலின் பிரதிகள் கப்பலில் நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தன. ஊர்க்காரர்கள் அதையும் விடவில்லை, ஓசியில் வாங்கிப் போனார்கள். “பட்டன ஓசியில கேக்க வெக்கப்படுறாங்க. நாவலக் கேக்க மட்டும் ஒருத்தருக்கும் வெக்கம் இல்ல. படிச்சாங்களான்னு கேட்டா, டைம் நஹி மிலா தீதியாம், நேரமே கிடைக்கலையாம்.”

போன மார்கழியில் ஒருநாள், ரவிக்கைக்கு ஹூக் வாங்கப் போனேன். கடைக்குள் அனல் பறந்தது. ஏழு வருடம் எழுதிய மூன்றாவது நாவல் மறுநாள் அச்சுக்குப் போகிறது. கடைசித் திருத்தப் பிரதி அன்று காலையில்தான் கைபேசிக்கு வந்திருந்தது. சென்னைப் பதிப்பகத்தில் கைப்பிரதியைச் செப்பனிடும் அஸ்வின் அதோடு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார்: “நேரம் இடிக்கிறது மேடம். ஐந்தரைக்கு இருட்டுவதாக வரும் இடங்களில் எல்லாம் ஏழரை என்று திருத்திவிட்டேன்.”

இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று பெருநிலக் கரையில் இருப்பவர்களுக்குத் தோன்றும். எங்கள் தீவுகள் கிழக்கே எங்கோ கிடக்கின்றன. கையில் கட்டியிருப்பதோ டெல்லிக்கும் சென்னைக்கும் ஓடுகிற அதே கடிகாரம். மார்கழியில் ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். ஐந்தரைக்குக் கும்மிருட்டு. நாவலின் நாயகி அந்த இருட்டில்தான் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். தெருவில் யாருக்கும் முகம் தெரியாது. அக்கரையில் வேலை பார்க்கும் புருஷனின் படகு ஆறு மணிக்குத்தான் வரும். நடுவே கிடைக்கிற அந்த அரை மணி நேரம்தான் அவளுக்கு வாழ்வு. மொத்த நாவலும் அதில்தான் நிற்கிறது.

“ஏழரைக்கு அவ புருஷன் வந்து, குளிச்சு, சாயா குடிச்சிட்டு டிவி பாத்துக்கிட்டு இருப்பான் தம்பி! அவன் முன்னாடியே பெட்டியத் தூக்கிட்டுப் போவாளா? டாட்டா காட்டிட்டா?” என்று கத்திக்கொண்டிருந்தார் மெஹர்பானு. கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

அஸ்வினின் குரலில் கோபமே இல்லை. எரிச்சலைக் கிளப்பியதே அதுதான். “நெட்ல பாத்துட்டேன் மேடம். அங்கயும் இந்திய நேரம்தான். இங்க என்ன மணியோ அதே மணி. வாசகர் நம்பணும் இல்லையா?”

“பொழுது சாயுறப்ப சொல்ற மஃரிபு பாங்கே இங்க அஞ்சு மணிக்குச் சொல்றாங்க. அது பொய்யா?”

“வேணும்னா கார்மேகம் சூழ்ந்து இருட்டிடுச்சுன்னு ஒரு வரி சேத்துடலாமா?”

“தினமும் கார்மேகமா? முந்நூறு பக்கத்துக்குமா? யா அல்லாஹ்!”

அதற்குள் நெட் அறுந்துவிட்டது. பிறகு எத்தனை முறை போட்டும் கிடைக்கவில்லை. மெஹர்பானு கல்லாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “பொய்யா எழுதினா நம்புறாங்க சுகிர்தா. சூரியன் விழுற நேரத்த எழுதினா நம்ப மாட்டேங்கறாங்க. நாளைக்கு அச்சாயிட்டா நான்தான் புத்தி கெட்டவ. பாவம், அந்தப் பொண்ணு வீட்லயே மாட்டிக்குவா.” எனக்கே அந்த அஸ்வினை நாலு அறை விடலாம் போலிருந்தது. ஹூக்கை வாங்கிக்கொண்டு கிளம்பவும் மனமில்லாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று மெஹர்பானுவுக்கு என்ன தோன்றியதோ, எழுந்து போய்க் கடையின் டியூப்லைட்டை அணைத்தார். “ஹே! என்ன ஆச்சு?” என்று காதர் பாய் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். மெஹர்பானு வீடியோ அழைப்புப் போட்டார். இம்முறை கிடைத்துவிட்டது. திரையில் அஸ்வின். பக்கத்து ஜன்னல் வழியாக வந்த வெயில் அவர் கன்னத்தில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது.

“மேடம், உங்க முகமே தெரியல. கரண்ட் போயிடுச்சா?”

மெஹர்பானு சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் வந்தது, அவர் முகமும் வந்தது. முதுகுக்குப் பின்னால் கடை வாசல், அதற்கு அப்பால் கரிய வானம். மறுபடி அணைத்தார். “கரண்டு இருக்கு தம்பி. உங்க கடிகாரத்துல மணி என்ன?”

“அஞ்சு இருபத்தெட்டு” என்றார் அஸ்வின். பிறகு தன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். “ஐயோ மேடம்… மாத்திடறேன். எல்லா இடத்திலயும் மாத்திடறேன்.”

“இப்பவே மாத்துங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

கைபேசியை லேஸ் உருளையில் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அஸ்வின் ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார். இருட்டில் நான் வைத்திருந்த ஹூக் பொட்டலம் சரிந்து, தரையெல்லாம் சிதறியது. பொறுக்கலாம் என்று சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன்.

பட்டென்று என் கையில் ஓர் அடி போட்டார்.